பதின்மூன்று லட்சம் வரிகளைச் சத்தமில்லாமல் தொலைப்பது எப்படி?

உங்களுக்கு ஒரு வேலை வந்திருக்கிறது. ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் கண்டுபிடிக்கப்பட்ட குறுங்கோள்களை மட்டும் பொறுக்கி, ஒரு பைத்தான் டிக்‌ஷனரியில் வைக்க வேண்டும். கீ, குறுங்கோளின் எண். வேல்யூ, அதன் பெயர், கண்டுபிடித்த தேதி, ஒளிர்வு. மூலக் கோப்புகள் இரண்டு. இரண்டையும் மைனர் பிளானட் சென்டர் இலவசமாகவே தருகிறது. ஒன்றில் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட குறுங்கோள்களின் சுற்றுப்பாதைக் கணக்கு. இன்னொன்றில், எண் பெற்ற குறுங்கோள்களை யார், எங்கே, எப்போது கண்டுபிடித்தார்கள் என்ற பட்டியல்.

ஒழுங்காகச் செய்தால் இருபது வரி நிரல். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிடும். அப்புறம் சாயங்காலம் வரை என்ன செய்வீர்கள்? ஆகவே ஒழுங்கான வழியை வேறு யாராவது சொல்லித் தரட்டும். நான் சொல்லப்போவது, நீங்கள் ஏற்கெனவே பாதி கடைப்பிடித்துவரும் வழி. மீதிப் பாதியையும் சேர்த்துக்கொண்டால், திரையில் ஒரு சிவப்பு எழுத்துகூட வராமல், முழுக்கத் தவறான விடையோடு எழுந்துபோகலாம். ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள்: பிழை வரலாம், பிழைச் செய்திதான் வரக்கூடாது.

1. கோப்பைக் கண்ணால் பார்க்காதீர்கள்

சுற்றுப்பாதைக் கோப்பின் தலையில் விளக்கக் குறிப்பு இருக்கும். அது முடியும் இடத்தில் நீளமாக ஒரு கோடு. கோட்டுக்குக் கீழேதான் தரவு. அந்தக் கோட்டைத் தேடிப் பிடித்து அதற்கு அடுத்த வரியிலிருந்து படிப்பது பயந்தவர்கள் வேலை. பக்கத்து இருக்கைக்காரரின் பழைய நிரலில் எத்தனை வரியைத் தாண்டச் சொல்லியிருக்கிறதோ, அதையே நீங்களும் எழுதுங்கள். குறிப்பில் ஒரு வரி கூடினால் விளக்கவுரையே ஒரு குறுங்கோளாகிவிடும். ஒரு வரி குறைந்தால் முதல் குறுங்கோள் போய்விடும். அது 1801இல் மனிதர்கள் முதன்முதலாகக் கண்ட செரஸ். பரவாயில்லை, ஒன்றுதானே.

கோப்பின் நடுவே வெற்று வரிகளும் உண்டு. எண் பெற்றவை ஒரு பகுதி, எண் பெறாதவை அடுத்த பகுதி என்று பிரிப்பதற்காக அவை இருக்கின்றன. வெற்று வரியைப் பார்த்ததும் படிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். பல லட்சம் வரிகள் உங்களைத் தொந்தரவு செய்யாமல் ஒதுங்கிக்கொள்ளும்.

2. எக்செலில் ஒருமுறை திறந்து, சேமித்து, மூடுங்கள்

காரணம் வேண்டாம். வழக்கம் என்று ஒன்று இருக்கிறது. எக்செல் ஏட்டில் 10,48,576 வரிகளுக்கு மேல் இடமில்லை. 13 லட்சத்தை அதில் ஊற்றினால் மிச்சம் வெளியேதான். முழுவதும் ஏறவில்லை என்று ஒரு சிறு பெட்டி எழுந்து சொல்லும். ஓகே அழுத்துங்கள். அந்தப் பொத்தான் அதற்காகத்தான் இருக்கிறது.

கூச்சப்பட வேண்டாம், பெரிய இடத்திலேயே நடந்திருக்கிறது. 2020இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு கொரோனா முடிவுகளைப் பழைய எக்செல் வடிவத்தில் ஏற்றியது. அந்த வடிவத்துக்கு 65,536 வரிதான் எல்லை. 15,841 தொற்றாளர்கள் அன்றாடக் கணக்கில் சேராமல் நின்றார்கள். அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் தாமதமானது. ஒரு நாடே செய்ததை நீங்கள் செய்யக்கூடாதா?

3. இடைவெளி கண்ட இடத்தில் வெட்டுங்கள்

இந்தக் கோப்பில் ஒவ்வொரு தகவலுக்கும் வரியில் நிலையான இடம் உண்டு. எச் என்னும் ஒளிர்வு மதிப்பு 9 முதல் 13 வரையிலான எழுத்திடங்களில் இருக்கும். இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்க நேரம் ஏது? ஸ்ப்ளிட் போடுங்கள். எச் மதிப்பு தெரியாத குறுங்கோள்களுக்கு அந்த இடம் காலியாக விடப்பட்டிருக்கும். ஸ்ப்ளிட்டுக்குக் காலியிடம் கண்ணில் படாது. ஆகவே அடுத்த தகவல் நகர்ந்து வந்து எச் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும். பெயர்களும் அழகாகப் பிளக்கும். 2596ஆம் குறுங்கோளின் பெயர் வைணு பாப்பு. உங்கள் நிரலில் வைணு ஒரு கட்டத்திலும் பாப்பு அடுத்த கட்டத்திலும் குடியிருப்பார்கள்.

ஸ்ப்ளிட் பிடிக்காத மேதைகளுக்கு வேறு வழி. ஆவணத்தில் 9 முதல் 13 என்று இருந்தால் பைத்தானிலும் 9, 13 என்றே எழுதுங்கள். பைத்தான் 0 இலிருந்து எண்ணும், எழுதவேண்டியது 8, 13 என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். 13.25 என்ற மதிப்பின் முதல் எழுத்து வெட்டுப்பட்டு 3.25 கிடைக்கும். அதுவும் எண்தான், கணினி முணுமுணுக்காது. பெயர் தெரியாத ஒரு பாறாங்கல் செரஸுக்குச் சமமாகப் பதவி உயர்வு பெறும்.

4. எல்லாவற்றையும் எண்ணாக்குங்கள்

வரியின் முதல் இடத்தில் குறுங்கோளின் எண் இருக்கும். 04130 என்று ஐந்து எழுத்தாக. இதை முழு எண்ணாக்கினால் 4130. டிக்‌ஷனரியில் 4130 என்று சேருங்கள், தேடும்போது எழுத்துச்சரமாக "04130" என்று தேடுங்கள். இல்லை என்று வரும். அமைதியாக இருங்கள், இது தொடக்கம்தான்.

ஐந்து இடத்தில் 99,999 வரைதான் எழுத முடியும் என்பதால், ஒரு லட்சத்திலிருந்து முதல் இரண்டு இலக்கத்துக்குப் பதில் ஓர் எழுத்தை வைக்கிறார்கள். ஏ என்றால் 10, பி என்றால் 11, டி என்றால் 13. புளூட்டோவின் எண் 134340. கோப்பில் அது டி4340. முழு எண்ணாக்கப் போனால் பைத்தான் மறுக்கும். அந்த மறுப்பைப் படி 13இல் பார்த்துக்கொள்ளலாம். இப்போதைக்கு ஒரு லட்சத்திலிருந்து மேலே உள்ள எல்லாமே விழும் என்று தெரிந்தால் போதும். 2006இல் வானியலாளர்கள் கூடி வாக்கெடுத்துப் புளூட்டோவைக் கோள்களின் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். நீங்கள் ஒரே வரியில் குறுங்கோள்களின் பட்டியலிலிருந்தும் நீக்கிவிட்டீர்கள்.

5. காலியிடத்தைப் பூஜ்யத்தால் நிரப்புங்கள்

காலியாக இருந்தால் பார்க்க நன்றாகவா இருக்கிறது? எச் தெரியாத இடத்தில் 0 போடுங்கள். செரஸின் எச் மதிப்பே சுமார் 3.3. எச் 0 என்றால் அதைப்போல் இருபது மடங்கு ஒளி. யாருமே சரியாக அளந்திராத மங்கல் புள்ளிகள் எல்லாம் உங்கள் டிக்‌ஷனரியில் சூரியக் குடும்பத்தின் பிரமுகர்கள் ஆகிவிடும். 'தெரியாது' என்பதும் 'பூஜ்யம்' என்பதும் வேறு வேறு என்று வாதிடுபவர்களை வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லுங்கள்.

6. பெரிய எண் என்றால் பெரியது என்று நம்புங்கள்

'ஒளி மிக்கவற்றை மட்டும் எடு' என்றால் எச் 15க்கு மேல் என்று எழுதுங்கள். வானியலில் எண் குறையக் குறைய ஒளி கூடும் என்பது உங்களுக்குத் தேவையில்லாத செய்தி. கிரேக்கர் காலத்து வழக்கம் அது. ஐந்து படி வித்தியாசம் என்றால் சரியாக நூறு மடங்கு என்று 1856இல் அதற்குக் கணக்கு வகுத்தவர் நார்மன் போக்சன். ஐந்து ஆண்டு கழித்து அவரே மெட்ராஸ் வானாய்வகத்துக்கு வந்து சேர்ந்தார், கடைசிவரை இங்கேயே இருந்தார். அந்த வானாய்வகத்தின் வழிமரபு கோடைக்கானலுக்குப் போய், அங்கிருந்து 1968இல் காவலூருக்கு வந்தது. இவ்வளவு அருகில் வகுத்த விதியைத் தலைகீழாகப் பிடிப்பதில் ஒரு தனி உரிமை இருக்கிறது.

7. நிபந்தனையைச் சுருக்கமாக எழுதுங்கள்

'மதிப்பு இருந்தால்' என்று மட்டும் எழுதுங்கள், 'காலியாக இல்லாவிட்டால்' என்று நீட்டாதீர்கள். பைத்தானுக்கு 0 என்பதும் 'இல்லை' என்பதும் இந்த இடத்தில் ஒன்றுதான். உலகின் வானாய்வகங்களுக்கு மூன்றிடக் குறியீடுகள் உண்டு. காவலூருக்கு 220. அதை எண்ணாக்கினால் ஒரு கேடும் இல்லை, பிழைத்துக்கொள்ளும். கிரீனிச்சுக்கு 000. அதை எண்ணாக்கி, இந்தச் சுருக்க நிபந்தனையையும் போட்டால், உலகமே தீர்க்கரேகையை எண்ணத் தொடங்கும் இடம் உங்கள் கணக்கில் இருக்காது.

8. இடத்தை உங்களுக்குத் தெரிந்த பெயரால் தேடுங்கள்

முதலில் சுற்றுப்பாதைக் கோப்பிலேயே காவலூரைத் தேடுங்கள். அதில் கண்டுபிடித்த இடமே கிடையாது. பூஜ்யம் வரும். அடுத்து கண்டுபிடிப்புப் பட்டியலில் 'வைணு பாப்பு' என்று தேடுங்கள். அதில் இடத்தின் பெயர் காவலூர் என்றுதான் இருக்கும். உங்கள் வலையில் சிக்குவது பாப்புவின் பெயர் வைத்த குறுங்கோள், கண்டுபிடித்த இடம் சிலி நாடு. வடிகட்டி நன்றாக வேலை செய்கிறது என்று மகிழுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க மெட்ராஸ் கண்டுபிடிப்புகளும் வேண்டும் என்றால் 'சென்னை' என்று தேடுங்கள். பெயர் மாறியது 1996இல். பட்டியலில் இருப்பவை 1861 முதல் 1885 வரையிலானவை. கிடைக்காது. அப்படியானால் போக்சன் பெயரால் தேடுங்கள். ஐந்துக்குப் பதில் எட்டு வரும், ஏனென்றால் மூன்றை அவர் இங்கே வருவதற்கு முன் ஆக்ஸ்போர்டில் கண்டுபிடித்தார். மூன்று கூடுதலாகக் கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

எண்ணால் தேடுவதானால் 'வரியில் 4130 எங்காவது இருக்கிறதா' என்று கேளுங்கள். 14130, 41300 எல்லாம் சொந்தம் கொண்டாடி வந்துவிடும். பெயரால் தேடுவதானால் ராமானுஜம் என்று எழுதுங்கள். பட்டியலில் 4130இன் பெயர் ராமானுஜன்.

9. தமிழில் தட்டச்சு செய்து, கண்ணை நம்புங்கள்

பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டப்போகும் டிக்‌ஷனரி, கீ தமிழிலேயே இருக்கட்டும் என்று தோன்றும். மிக நல்லது. 'போக்சன்' என்பதில் உள்ள ஓகாரத்தை ஒரே குறியாகவும் வைக்கலாம், இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியாக ஒட்டியும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒரே போக்சன். கணினிக்கு இரண்டு போக்சன். ஒரு கோப்பை நீங்களும் இன்னொன்றை நண்பரும் வேறு வேறு விசைப்பலகையில் அடித்தால் ஒன்றை ஒன்று கண்டுகொள்ளாது. யூனிகோடில் இதைச் சீர்செய்ய ஒரே ஒரு வரி போதும் என்பது ரகசியமாகவே இருக்கட்டும். எக்செலிலிருந்து வந்த கோப்பின் முதல் தலைப்புக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கலாம். அப்போது முதல் நெடுவரிசை மட்டும் எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் வராது.

10. மாவட்டத்தால் வடிகட்டுங்கள்

இந்த வித்தை குறுங்கோளுக்கு மட்டுமில்லை, மலையின் மழைக்கணக்குக்கும் சாமை விளைச்சலுக்கும் பொருந்தும். மாவட்டம் வேலூர் என்று நிபந்தனை போடுங்கள். காவலூர் முதலில் வட ஆர்க்காட்டில் இருந்தது. 1989இல் அந்த மாவட்டம் பிரிந்தது, பிறகு வேலூர் என்றானது. 2019இல் திருப்பத்தூர் தனி மாவட்டமாகி, காவலூர் அதற்குள் போனது. மலை ஓர் அங்குலமும் நகரவில்லை. உங்கள் வடிகட்டியில் மட்டும் காவலூர் சில காலம் இருந்துவிட்டு மறைந்துபோகும். ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலை மாவட்டம், ஆகவே அது தொடக்கத்திலேயே கிடையாது. மலையின் பெயரால் தேடினால் இன்னும் சுகம்: ஜவ்வாது, சவ்வாது, ஜவாது, ஜவ்வாதி. நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து உறுதியாக நில்லுங்கள்.

11. கீயை மனம்போல் வையுங்கள்

எண்ணைத்தான் கீயாக வைக்கச் சொன்னார்கள். நீங்கள் இடத்தை வையுங்கள், படிக்க நன்றாக இருக்கும். டிக்‌ஷனரியில் ஒரு கீக்கு ஒரு வேல்யூதான். அதே கீ மறுபடி வந்தால் பழையது போய்ப் புதியது உட்காரும். கேள்வி கேட்காது, ஒரு சிணுங்கல்கூட இருக்காது. மெட்ராஸில் போக்சன் கண்டவை 67 ஆசியா, 80 சாப்போ, 87 சில்வியா, 107 கமிலா, 245 வேரா. கடைசியில் மெட்ராஸ் என்ற கீயில் மிஞ்சுவது வேரா மட்டும். ஆசியாக் கண்டத்திலிருந்து முதலில் கண்டதால் ஆசியா என்றே பெயர் பெற்ற குறுங்கோள், ஒரு சமக்குறியில் கரைந்துபோகும். காவலூருக்கும் இதே மரியாதை: 4130 ராமானுஜன், 8348 பட்டாச்சார்யா இரண்டும் ஒரே கீக்குள் மோதும். பின்னால் வந்தவர் பிழைப்பார்.

12. வழக்கத்துக்கு மாறானதை அழுக்கு என்று துடையுங்கள்

சராசரியிலிருந்து விலகியதை எல்லாம் நீக்குங்கள். வரைபடம் வழுவழுப்பாக வரும். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனுக்கு முன்னால் கடக்கும் வேளையில், காவலூரின் 102 செ.மீ. தொலைநோக்கி அந்த விண்மீனின் ஒளியை அளந்துகொண்டிருந்தது. கோள் மறைக்காத நேரத்தில் ஒளி சில நொடிகள் சரிந்து எழுந்தது. ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அந்தச் சரிவைத் துடைக்காமல் வைத்திருந்து, புதிய துணைக்கோளாக இருக்கலாம் என்று எழுதினார்கள். விமானத்தில் பறந்தபடி அதே மறைப்பைப் பதிவுசெய்த அமெரிக்கக் குழுவின் கணக்கும் சேர்ந்தபோது, அது யுரேனஸின் வளையம் என்று தெரிந்தது. உங்கள் நிரல் அன்றைக்கு இருந்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. யுரேனஸும் வளையமில்லாமல் நிம்மதியாக இருந்திருக்கும்.

13. பிழை வந்தால் கடந்துபோங்கள்

இதுதான் மகுடம். இதுவரை செய்த எல்லாவற்றையும் ஒரு ட்ரைக்குள் போடுங்கள். கீழே எக்ஸெப்ட், அதற்குக் கீழே பாஸ். எந்தப் பிழை என்று பெயர் சொல்லாதீர்கள், எந்த வரி என்று குறிக்காதீர்கள். புளூட்டோ, காலி எச், உடைந்த பெயர், ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட எண்கள், உங்கள் எழுத்துப்பிழை, எல்லாம் ஒரே கதவு வழியே வெளியேறும்.

ஜவ்வாது மலையில் சாமை புடைப்பவர்கள் முறத்தைத் தட்டும்போது ஒரு கண் கீழே இருக்கும். உமியோடு மணியும் விழுந்தால் கையை மாற்றுவார்கள். அவர்களுக்குத் தள்ளியது கண்முன்னே கிடக்கிறது. உங்களுக்கு அந்தச் சங்கடம் இல்லை. உங்கள் வடிகட்டி தள்ளியது எங்கேயும் விழாது. தள்ளிய வரிகளைத் தனிப் பட்டியலில் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் காரணம் குறித்து வைத்தால் இந்தக் கட்டுரையின் முக்கால்வாசி வீணாகிவிடும். ஆகவே தயவுசெய்து அதை மட்டும் செய்துவிடாதீர்கள்.

14. எண்ணாதீர்கள், எண்ணினால் முதலிலேயே எண்ணுங்கள்

படித்தது எத்தனை, வைத்தது எத்தனை, தள்ளியது எத்தனை, கூட்டினால் சரியாக வருகிறதா என்று பார்ப்பது கணக்குப்பிள்ளை வேலை. மனசாட்சி உறுத்தினால் ஒன்று செய்யுங்கள்: கோப்பைத் திறந்து ஒரு சுற்று ஓடி வரிகளை எண்ணுங்கள். பிறகு அதே திறந்த கோப்பில் இரண்டாவது சுற்று ஓடி டிக்‌ஷனரியை நிரப்புங்கள். முதல் சுற்றிலேயே கோப்பின் முடிவுக்கு வந்துவிட்டதால் இரண்டாவது சுற்றில் படிக்க ஒன்றும் இருக்காது. 13 லட்சம் வரி எண்ணியாகிவிட்டது, டிக்‌ஷனரியில் எதுவும் இல்லை, பிழைச் செய்தியும் இல்லை. இதைவிடத் தூய்மையான வெற்றி நான் பார்த்ததில்லை.

விடை தெரிந்த ஒன்றை வைத்துச் சோதிக்கவும் கூடாது. 1988 பிப்ரவரி 17 அன்று ஆர். ராஜமோகன் காவலூரில் கண்டுபிடித்தது 4130 ராமானுஜன் என்பது ஊரறிந்த செய்தி. டிக்‌ஷனரியில் அது இருக்கிறதா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் பதினான்கு படியின் உழைப்பும் ஒரு நொடியில் அம்பலமாகும்.

15. மூலக் கோப்பின் மேலேயே சேமியுங்கள்

வடிகட்டியதைப் புதுப் பெயரில் எழுதினால் வட்டில் இடம் போகும். கண்டுபிடிப்புப் பட்டியலையே எழுதும் முறையில் திறங்கள். திறந்த அந்தக் கணமே அதில் இருந்ததெல்லாம் அழிந்துவிடும், எழுத ஆரம்பிக்கும்வரைகூடக் காத்திருக்காது. பிறகு உங்களிடம் மிஞ்சிய டிக்‌ஷனரியை அதில் இறக்குங்கள்.

அறிக்கையில் 'காவலூரில் கண்டுபிடிக்கப்பட்ட குறுங்கோள்கள்: 0' என்று தடித்த எழுத்தில் போட்டு, பக்கத்தில் ஒரு வட்ட விளக்கப்படமும் வையுங்கள். கூட்டத்தில் யாராவது ஒரு பெரியவர் எழுந்து, "4130 எங்கே தம்பி?" என்று கேட்பார். பதறாதீர்கள். "கோப்பில் இல்லை ஐயா" என்று நிமிர்ந்து சொல்லுங்கள். வேண்டுமானால் அவரே கோப்பைத் திறந்து பார்க்கட்டும். நீங்கள் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இருக்காது.